மூன்று சுற்றில் நின்ற நட்

நம் வாசகசாலை மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மோட்டார் பட்டறை பிட்டர்கள் சிலர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். விஷயத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். யுத்தம் முடிந்து, ராணுவ லாரிகள் ஏலத்துக்கு வந்துவிட்டன. அமெரிக்க இன்ஜினில் இங்கிலீஷ் மீட்டர், இங்கிலீஷ் ரேடியேட்டரில் எங்கோ கழற்றிய அமெரிக்கக் குழாய் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. மாட்டினால் ஒழுகுகிறது. மரையை, அதாவது திருகுப் பல்லை, பார்த்து மாட்டுவது எப்படி என்று எழுதுங்கள், அதில் உங்களைப் போலக் கவனமான ஆள் பம்பாயில் இல்லை என்றார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எழுத்து கொஞ்சம் வரும். எழுதுகிறேன். ஆனால் கவனமான ஆள் என்று சொன்னார்களே, நான் அப்படி ஆனது எதனால் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இந்தக் கட்டுரை உண்மையாக இருக்கும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் பம்பாய் வந்தேன். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் இரண்டு வருஷம். அந்த வாடை ஒத்துக்கொள்ளாமல் மாட்டுங்காவில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். கழுவுவது, துடைப்பது, நட்டு முறுக்கும் பானா எடுத்துக் கொடுப்பது என்று ஆரம்பித்து, பத்து வருஷத்தில் பிட்டர் ஆனேன். இடது கண்ணில் இரும்புச் சீவல் தெறித்துப் பார்வை குறைந்ததால் போன வருஷம் வேலையை விட்டேன். வயது நாற்பத்தெட்டு. அவ்வளவுதான் என் சரித்திரம்.

யுத்தம் மும்முரமாக இருந்த வருஷங்களில் எங்கள் பட்டறைக்கு வந்த பெரிய வேலை, புனாவுக்கு ராணுவச் சாமான் ஏற்றிப்போகும் லாரிகளுக்குச் சூடு காட்டும் மீட்டர் மாட்டுவது. மலைமேல் போகும் காட் ரோட்டில் ஏறும்போது தண்ணீர் கொதித்து இன்ஜின் கெடுவது அதிகமாக இருந்தது. டிரைவர் முன்னாலேயே ஒரு முள் இருந்தால் பார்த்து நிறுத்துவான் என்று முதலாளிமார்கள் நினைத்தார்கள். நல்ல யோசனைதான்.

மீட்டரின் வால் போல மெல்லிய செம்புக் குழாய் ஒன்று வரும். அதன் நுனியில் விரல் நீளத்துக்குப் பித்தளைக் குமிழ். குமிழுக்குப் பின்னால், வெளிப்பக்கம் மரை வெட்டிய ஒரு நட். இன்ஜின் தலையில் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு துளை இருக்கும். அங்கே அடைப்பைக் கழற்றிவிட்டு, குமிழைத் தண்ணீருக்குள் இறக்கி, நட்டை முறுக்க வேண்டும். குமிழ் தண்ணீரில் நின்றால்தான் முள் உண்மையைச் சொல்லும்.

சிக்கல் என்னவென்றால், எங்களுக்கு வந்த லாரிகள் அமெரிக்கா. மீட்டர்கள் இங்கிலாந்து. இரண்டிலும் மூன்று சூத், அதாவது எட்டில் மூன்று அங்குலம், என்றுதான் எழுதியிருக்கும். குழாய்க் கணக்கில் அது பெயர் மட்டும். அளந்தால் ஐந்து சூத்துக்கு மேல் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் இங்கிலீஷ் மரை ஒரு அங்குலத்தில் பத்தொன்பது பல். அமெரிக்கா பதினெட்டு. இங்கிலீஷ் பல்லின் உச்சி உருண்டை. அமெரிக்கப் பல்லின் உச்சி தட்டை. நகத்தால் கீறிப் பார்த்தால் பழகின கைக்கு வித்தியாசம் தெரியும். பழகாத கைக்குத் தெரியாது. பழகினதாக நினைத்துக்கொள்கிற கை இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

சரியான வழி இதுதான். மரை அளக்கும் சீப்பை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பல்லோடு பல் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. துளைக்குள் சீப்பு போகாது. அதனால் நட்டின் மேல் லேசாக நீல மை தடவிக் கையாலேயே துளையில் முறுக்கித் திரும்ப எடுங்கள். எல்லாப் பல்லிலும் சுற்றிலும் நீலம் அழிந்திருந்தால் ஜோடி சரி. ஒன்றிரண்டு பல்லில் ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அது வேறு ஜாதி மரை. அப்போது இடையில் ஒரு சேர்ப்பு போட வேண்டும். வெளிப்பக்கம் அமெரிக்க மரை, உள்பக்கம் இங்கிலீஷ் மரை. எங்கள் பட்டறையில் லேத்காரர் சாவந்த் அதை வெட்டிக் கொடுப்பார். பிறகு சணல் சுற்றி, சபேதா என்கிற வெள்ளைப் பசை தடவுவது. முறுக்கும் திசையிலேயே சணலைச் சுற்றுங்கள். முதல் பல்லை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். சணல் ஒழுக்கை அடைக்கத்தான். தவறான மரையைத் தாங்க அல்ல.

இத்தனையும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

எங்கள் ஃபோர்மன் பெஸ்தோன்ஜி. பார்சி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளை டிரில் கால்சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பார்த்ததும் இல்லை. நாம் வண்டிக்குள் தலையை விட்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். வந்தது அவருடைய பூட்ஸ் பாலிஷ் வாசனையில்தான் தெரியும். பானா போடுவதற்கு முன்னால் ஒரே கேள்வி: "கித்னா சக்கர் கயா?" கையால் எத்தனை சுற்றுப் போனது என்று. பாஞ்ச், அதாவது ஐந்துக்குக் குறையக்கூடாது என்பது அவர் சட்டம். "பாஞ்ச், சாப்" என்றால் தலையை ஆட்டிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். குறைத்துச் சொன்னால் "நிகாலோ" என்பார். கழற்ற வேண்டியதுதான். கையை வைத்துத் தானே பார்ப்பதில்லை. சொன்னதை நம்புவார். அந்த நம்பிக்கையால்தான் எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

சீப்பு பட்டறைக்கு ஒன்றுதான். ஸ்டோரில் இருக்கும். அங்கே கிளார்க் கணேசய்யர் என்று மாட்டுங்காக்காரர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

"என்ன ஓய் இசக்கி, இன்னிக்கும் சீப்பா? தலையில நாலு மயிர்தானே இருக்கு, அதை வார எங்காத்து சீப்பே போறுமே!"

கவுண்டரில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அதோடு முடியாது. ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தமிழில்தான் வரும்.

"சுருக்கப் போடும் ஓய். பத்திரமா எழுதறீர்? ஓர் எறும்பு மையில விழுந்து எழுந்து போனாப்பல இருக்கு!"

அவர் மனசில் ஒன்றும் இல்லை. எல்லோரிடமும் அப்படித்தான். மற்றவர்கள் திருப்பி ஒன்று சொல்லிவிட்டு வருவார்கள். எனக்குக் காது சூடாகிவிடும். அன்று முழுக்க அந்தச் சிரிப்பே கேட்கும். அதனால் மெல்ல மெல்ல ஸ்டோருக்குப் போவதைக் குறைத்தேன். நகத்தாலேயே பார்க்கப் பழகினேன். இசக்கிக்கு விரலிலேயே சீப்பு இருக்கிறது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கப் பிடித்திருந்தது.

கண்பதி பண்டிகை வந்தது. சாவந்த் வழக்கம் போலக் கொங்கணத்தில் ஊருக்குப் போய்விட்டார். லேத் நின்றுவிட்டது. என் டப்பாவில் இருந்த சேர்ப்புகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. அப்படித் தீர்ந்த மறுநாள்தான் பலவேசம் அண்ணாச்சியின் லாரி மீட்டருக்கு வந்தது.

பலவேசம் அண்ணாச்சி தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. எங்கள் ஊர்ப்பக்கம்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நம் சனத்தில் காட் ரோட்டில் லாரி ஓட்டிய ஆட்கள் அப்போது கொஞ்சம்; அவர்களில் முதல் ஆள் அவர். லாரி நிறைய மூட்டை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. புறப்படும் அவசரத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னடே இசக்கி, நட்டு மாட்டுதியா, நாத்து நடுதியா?"

"இந்தா ஆச்சு அண்ணாச்சி."

"மூட்டம் போடுமுன்ன மலை ஏறணும்டே. ஒன் முள்ளு மட்டும் ஒழுங்கா காட்டட்டும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

டப்பா காலி என்று எனக்குத் தெரியும். ஸ்டோரில் கேட்கலாம். போய் நின்றால் கணேசய்யர் ஏதாவது சொல்வார். அதற்கு முந்தின நாள்தான் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்திருந்தார். போகவில்லை. ஸ்டோரில் ஆறு சேர்ப்பு இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இங்கிலீஷ் நட்டை நேராக அமெரிக்கத் துளையில் வைத்துத் திருகினேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நின்றது. நல்ல இறுக்கம். சரியான மரை கடைசியில் இறுகுவது போலவே இருந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் முதல் மூன்று பல்லுக்குச் சண்டை போடாது. அதற்குப் பிறகு ஒன்றை ஒன்று நசுக்கும். அந்த நசுக்கல் கைக்கு இறுக்கமாகத் தெரியும். எடுத்து, சணலை இரட்டையாகச் சுற்றி, சபேதாவைத் தாராளமாக அப்பித் திரும்ப வைத்தேன்.

பூட்ஸ் வாசனை வந்தது.

"கித்னா சக்கர் கயா?"

"பாஞ்ச், சாப்."

தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். பானாவால் முறுக்கினேன். அரை மணி நேரம் இன்ஜின் ஓடியது. ஒரு சொட்டு இல்லை. அண்ணாச்சி என் தோளில் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

நடந்ததைப் பிறகு அவர் வாயால் கேட்டேன். மலையடிவாரத்தில் கோபோலியில் நிறுத்தி வழக்கம் போல பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்திருக்கிறார். ரேடியேட்டர் நிறைந்திருந்தது. நட்டைச் சுற்றி லேசான ஈரம் தெரிந்தது. மழை ஈரமோ என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். ஏற்றத்தில் முக்கால் பங்கு போனபோது முள் இறங்கியது. மழையில் இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். உண்மையில் அப்போதுதான் நட் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. குமிழ் விசிறிக் காற்றில் தொங்கிக்கொண்டு, எல்லாம் குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் பூராவும் ஆவியாகப் போயிற்று. மலையில் மூட்டம், ஆவி எது, மூட்டம் எது என்று தெரியவில்லை. இன்ஜின் இறுகி நின்றது. லாரி பின்னால் உருண்டது. பள்ளத்துப் பக்கம் விடாமல் வாலைப் பாறையில் கொண்டுபோய் முட்ட வைத்தார். ஸ்டீயரிங் திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. அவரும், கூட வந்த மூட்டைக்காரரும் பிழைத்தார்கள். அது அவருடைய சாமர்த்தியம்.

நாலாம் நாள் ஃபோர்மன் அறையில் விசாரணை. லாரி முதலாளியின் மானேஜர், பெஸ்தோன்ஜி, கணேசய்யர், கையில் கட்டோடு அண்ணாச்சி, நான். உள்ளே போவதற்கு முன் முற்றத்தில் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்தார்.

"இசக்கி, ஒன் வேலையில நான் கொறை சொல்ல மாட்டேன். சும்மா கேக்கேன். அது சரியாத்தானே ஏறுச்சு?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

மானேஜர் ஒரே பிடியாக நின்றார். வழியில் பானெட்டைத் திறந்தாயா? திறந்தேன். அந்த நட்டில் கை வைத்தாயா? அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஈரமா இருந்துச்சு. வெரல் வச்சுப் பாத்தேன், சாப். திருகல."

"விரல் வைத்தவன் திருகியிருக்க மாட்டாயா? மீட்டரை நோண்டிப் பார்த்திருக்கிறாய். கோணலாகத் திருப்பி மாட்டியிருக்கிறாய்."

பெஸ்தோன்ஜி மேஜைமேல் இருந்த நட்டைக் கையில் எடுத்தார். முதல் மூன்று பல் நசுங்கி, மற்றவை புதிதாக மின்னின. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அதே தணிந்த குரலில் கேட்டார்.

"இசக்கி, கித்னா சக்கர் கயா தா?"

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். யுத்த காலம், ராணுவச் சாமான், நாசவேலை என்று சொல்லி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் பயம் பாதிதான். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சேர்ப்பு தீர்ந்தது, ஸ்டோருக்குப் போகாதது, ஏன் போகவில்லை என்பது, மூன்று சுற்றில் நின்றது எல்லாவற்றையும் எனக்கு அரைகுறையாகத் தெரிந்த இந்தியில், இத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கணேசய்யரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பொய்க்கு ஒரு வார்த்தை போதும்.

"பாஞ்ச், சாப்."

பெஸ்தோன்ஜி நட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினார். சீப்பு பத்தடி தூரத்தில் ஸ்டோரில் இருந்தது. அவர் கொண்டுவரச் சொல்லவில்லை. சீட்டில் அவர் கையெழுத்தும் இருந்ததே. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. மீட்டரை நோண்டி லாரியைக் கெடுத்தவன் என்று மற்ற லாரிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். தாராவியில் அவருக்கு 'நட்டு பலவேசம்' என்று பெயர் விழுந்தது. குழாயடியில் அவர் மனைவி குடத்தை வைத்தால், "மதினி, குழாயில நட்டு இருக்கு, அண்ணாச்சி பாத்துறப்போறாவ" என்பார்கள். நானும் அந்தக் குழாயடியில் நின்றிருக்கிறேன். சிரிக்கவில்லை. அதைப் பெரிய நல்ல காரியம் என்று அப்போது நினைத்தேன். ஆறு மாசத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அம்பர்நாத் போய்விட்டார்கள்.

பெஸ்தோன்ஜி அதற்குப் பிறகு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மற்ற பிட்டர்களிடம் எல்லாம் கேட்பார். என் வண்டிக்கு வந்தால் நின்று பார்ப்பார், கையெழுத்துப் போடாமல் போவார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு பிட்டரைக் கையால் திருகிப் பார்க்கச் சொல்லி, அவன் சொன்ன பிறகு போடுவார். அவர் ஓய்வு பெறும் வரை அப்படித்தான். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அன்று முதல் நான் சீப்பு இல்லாமல் ஒரு நட்டும் மாட்டியதில்லை. கணேசய்யர் கேலி செய்யச் செய்ய நின்று கையெழுத்துப் போட்டேன். நீங்கள் சொன்னீர்களே கவனமான ஆள், அது இப்படி வந்தது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அம்பர்நாத் போனேன். அண்ணாச்சி ஒரு தொழிற்சாலை வாசலில் காவல்காரராக இருக்கிறார். பக்கத்திலேயே குடியிருப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இசக்கியாடே! கண்ணுக்கு என்ன? வா, உக்காரு."

உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்த நட்டு மூணு சுத்துதான் போச்சு. வேற மரை. தெரிஞ்சேதான் மாட்டினேன். நீங்க ஒண்ணும் செய்யல."

அவர் என்னை அடித்திருக்கலாம். அப்படி எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் வெரல் வச்சதுல கழறலையா?"

"இல்ல அண்ணாச்சி. வெரலுக்கு அது அசையாது."

"நான்தான் என்னமோ அசைச்சுட்டேன்னுல்லா இருந்தேன். எல்லாரும் அதையே சொல்லச் சொல்ல, திருகினேனோ, திருகலையோன்னு எனக்கே மறந்துபோச்சுடே. ரெண்டு பேர் வண்டி குடுக்க வந்தாங்க. இந்தக் கைய நம்பி மலை ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணாவது ஆளு வரல."

அவர் வேலையைப் பறித்தது நான் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கையின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையையும் பறித்தேன் என்பது அந்த வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

அவர் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வாசலுக்கு வந்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டார்.

"இதை இங்க வந்து எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்கு இவுகளத் தெரியும். சிரிச்சது தாராவில. அங்கல்லா சொல்லணும்."

"அவனுக்கு ஆளுக மத்தியில பேச வராது, தெரியும்லா" என்றார் அண்ணாச்சி. அப்போதும் எனக்காகத்தான் பேசினார்.

"பேச வராட்டா எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

அண்ணாச்சி ரயிலடி வரை கூட வரவில்லை. மறுபடி வா என்றும் சொல்லவில்லை.

ஆகவே எழுதுகிறேன். பலவேசம் அந்த நட்டைத் திருகவில்லை. விரலால் ஈரம் பார்த்தார், அவ்வளவுதான். சேராத மரை என்று தெரிந்து அதை மாட்டியவன் இசக்கி. மூன்று சுற்றுப் போனதை ஐந்து என்று இரண்டு தடவை சொன்னவனும் இசக்கி. மூட்டத்தில், முறிந்த கையோடு, அந்த லாரியைப் பள்ளத்தில் விடாமல் நிறுத்தியவர் பலவேசம்.

நம் சந்துகளில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். வாசகசாலையில் யாராவது ஒருவர் இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நான் அன்று பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பேன்.